காவியா, வெள்ளை அங்கியா? ரோம் வரை போன 'சாமியார் டிரெஸ்' வழக்கும் சேந்தமங்கலமும்

சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் ராசிபுரம் பிரிவைத் தாண்டினால் புதுச்சத்திரம் வரும். அங்கிருந்து கொல்லிமலை அடிவாரம் பக்கம் போனால் சேந்தமங்கலம். இன்று லாரி, கோழிப்பண்ணை, ஜவ்வரிசி என்று அறியப்படும் இந்த வட்டாரத்துக்கு, உலகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மிகப் பெரிய 'டிரெஸ் கோட்' சண்டை ஒன்றோடு நேரடித் தொடர்பு உண்டு.

1623-ம் ஆண்டு ஜனவரி 31 அன்று ரோமில் போப் 15-ம் கிரகோரி ஓர் ஆணை வெளியிட்டார். தமிழ்நாட்டில் கிறிஸ்தவராக மாறும் ஒருவர் பூணூல் அணியலாமா, குடுமி வைக்கலாமா, சந்தனம் பூசலாமா என்பதுதான் அதில் இருந்த விஷயம். அந்த வழக்குக்குக் காரணமானவர் ராபர்ட் தே நோபிலி. 'தத்துவ போதகர்' என்று தமிழில் பெயர் வைத்துக்கொண்ட இத்தாலியர். ஆணை வந்த அதே 1623-ல் அவர் மதுரையில் இருந்து வடக்கே கிளம்பி வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று சேந்தமங்கலம்.

கிறிஸ்தவ சாமியார் என்ன உடுத்த வேண்டும்? ரோமில் உடுத்தியதையா, இங்கே உள்ள துறவி உடுத்தியதையா? இந்தக் கேள்வி 400 வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். பலிபீடத்தில் நிற்கும் சாமியார் போட்டிருப்பது என்ன?

திருப்பலியில் என்னென்ன உடை?

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. சாமியார் வெளியே போகும்போது போடும் நீளமான வெள்ளை உடைக்குப் பெயர் அங்கி. அது தினசரி உடை, நம் ஊர் பாஷையில் சொன்னால் யூனிஃபார்ம். திருப்பலிக்கு மட்டும் போடுவது திருவுடை. இரண்டும் வேறு.

கத்தோலிக்கத் திருப்பலியில் பார்க்கும் திருவுடைகள் இவை:

- ஆல்ப்: கழுத்தில் இருந்து பாதம் வரை வரும் வெள்ளை உடை. திருமுழுக்கின்போது போர்த்தப்படும் வெள்ளை ஆடையை நினைவூட்டுவது. தேவைப்பட்டால் இடுப்பில் ஒரு கயிறு கட்டிக்கொள்வார்கள். அது இடைக்கச்சை.

- ஸ்டோல்: கழுத்தில் இருந்து தொங்கும் நீளமான துணிப் பட்டை. பதவியின் அடையாளம் இதுதான். குருவானவர் இரண்டு பக்கமும் தொங்கவிடுவார். திருத்தொண்டர் இடது தோளில் இருந்து குறுக்காகப் போட்டு வலது இடுப்புப் பக்கம் முடிச்சிடுவார். துணி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே யார் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

- சாசுபிள்: எல்லாவற்றுக்கும் மேலே போடும் அகலமான மேலுடை. திருப்பலி நிறைவேற்றும் குருவுக்கே உரியது. கலர் கலராக, சிலுவையோ திராட்சைக் கொத்தோ கோதுமைக் கதிரோ தைத்து நாம் பார்ப்பது இதைத்தான்.

- டால்மாட்டிக்: திருத்தொண்டருக்கான கை வைத்த மேலுடை.

- கோப்: முன்பக்கம் திறந்திருக்கும் நீண்ட போர்வை போன்ற உடை. நற்கருணைப் பவனி, ஆசீர்வாதம் போன்ற நேரங்களில் போடுவது.

ஆயருக்கு இவற்றோடு மைட்டர் என்னும் உயரமான தலையணி, கையில் ஆயர் கோல், மார்பில் சிலுவை, விரலில் மோதிரம் சேரும். பேராயர்களில் மறைமாநிலத் தலைவராக இருப்பவருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: பாலியம் என்ற வெள்ளைக் கம்பளிப் பட்டை. நாமக்கல் மாவட்டம் அடங்கும் சேலம் மறைமாவட்டம், புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது. அதனால் பாலியம் புதுச்சேரி பேராயருக்கு உண்டு, சேலம் ஆயருக்கு இல்லை.

ஊர்த் திருவிழாவில் ஒரே நேரத்தில் 20 சாமியார்கள் பலிபீடத்தைச் சுற்றி நிற்பார்கள். நடுவில் இருப்பவர் மட்டும் சாசுபிள் போட்டிருப்பார், மற்றவர்கள் வெள்ளை உடையும் ஸ்டோலும் மட்டும். இதுவும் விதிப்படிதான். அத்தனை பேருக்கும் சாசுபிள் கிடைக்காத மாதிரியான நியாயமான காரணம் இருந்தால், கூட்டுத் திருப்பலியில் மற்ற குருக்கள் அதை விட்டுவிடலாம்.

நிறம் மாறுவது ஏன்?

வாரா வாரம் ஆலயத்துக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு காலண்டர். உடையின் நிறத்தைப் பார்த்தாலே ஆண்டின் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும்.

- வெள்ளை: கிறிஸ்துமஸ், உயிர்ப்புக் காலம், மாதா விழாக்கள், மறைசாட்சிகள் அல்லாத புனிதர்களின் விழாக்கள்.

- சிவப்பு: குருத்தோலை ஞாயிறு, புனித வெள்ளி, பெந்தகோஸ்தே, மறைசாட்சிகளின் விழாக்கள்.

- பச்சை: பொதுக்காலம். வருடத்தில் அதிக வாரங்கள் இதுதான்.

- ஊதா: திருவருகைக்காலம், தவக்காலம். இறந்தோர் திருப்பலிக்கும் பயன்படும்.

- ரோஸ்: வருடத்தில் இரண்டே ஞாயிறு. திருவருகைக்காலத்தின் 3-ம் ஞாயிறும் தவக்காலத்தின் 4-ம் ஞாயிறும். நோன்புக்கு நடுவில் 'இன்னும் கொஞ்ச நாள்தான்' என்று சொல்லும் மகிழ்ச்சி நிறம்.

12-ம் நூற்றாண்டு முடிந்து 13-ம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் போப் 3-ம் இன்னசென்ட் ரோமில் இருந்த நிற வழக்கத்தை எழுதி வைத்தார். அவர் பட்டியலில் வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு முக்கியம். 1570-ல் வந்த திருப்பலி நூல் இந்த முறையை ரோமன் வழிபாடு முழுக்கப் பொதுவாக்கியது. காலத்தோடு மாறவும் செய்தது. வயசானவர்களைக் கேட்டால் புனித வெள்ளிக்கு சாமியார் கறுப்பு உடுத்தியதைச் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகான சீர்திருத்தத்தில் அது சிவப்பாக மாறியது.

அப்போ, இது இயேசு காலத்து உடையா?

இல்லை. இது ரோமானியர்களின் சாதாரணத் துணி.

ஆல்ப் என்பது ரோமானியர் உடுத்திய நீண்ட வெள்ளை டூனிக். சாசுபிள் என்பது மழைக்கும் குளிருக்கும் பயணத்தில் போர்த்திய மேலாடை. 'சிறிய வீடு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்துதான் அதன் பெயரே வந்தது. ஆளையே மூடிக்கொள்ளும் உடை என்பதால் அப்படி ஒரு பெயர். டால்மாட்டிக் இன்றைய குரோஷியாவின் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவில் இருந்து வந்த ஃபேஷன். ஆரம்ப நூற்றாண்டுகளில் குருக்களுக்கென்று தனி டிரெஸ் கிடையாது. எல்லாரும் போட்டதை அவர்களும் போட்டார்கள், அதில் நல்லதாக ஒன்றைப் பலிபீடத்துக்கு வைத்துக்கொண்டார்கள்.

பிறகு என்ன ஆனது? 6-ம் நூற்றாண்டு வாக்கில் பொதுமக்கள் குட்டையான சட்டைக்கும் கால்சட்டைக்கும் மாறிவிட்டார்கள். சர்ச் மட்டும் பழைய நீள உடையை விடவில்லை. தெருவில் ஃபேஷன் மாறியது, பலிபீடத்தில் மாறவில்லை. அப்படித்தான் சாதா உடை 'புனித உடை' ஆனது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் 428-ல் நடந்தது. இன்றைய பிரான்சின் தெற்குப் பகுதியில் சில ஆயர்கள் மக்களிடம் இருந்து வித்தியாசமாகத் தெரியும்படி தனி உடை போட ஆரம்பித்தார்கள். போப் முதலாம் செலஸ்டின் அவர்களைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். நாம் மற்றவர்களிடம் இருந்து போதனையால் வேறுபட வேண்டும், உடையால் அல்ல என்பது அவர் வாதம். ஆனால் அடுத்த சில நூற்றாண்டுகளில் உடையே பெரிய அடையாளமாகிவிட்டது.

நடுக்காலத்தில் பட்டு, ஜரிகை, தங்க நூல் என்று துணி கனமாகிக்கொண்டே போனது. கனமான உடையில் கையைத் தூக்க முடியாது. அதனால் சாசுபிளின் பக்கவாட்டை வெட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் அது முன்னும் பின்னும் இரண்டு விறைத்த பலகை மாதிரி, வயலின் வடிவத்தில் வந்து நின்றது. பழைய ஆலயங்களின் கறுப்பு வெள்ளை படங்களில் இதைப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் இருந்து மிஷனரிகள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது கொண்டுவந்தது இந்த உடையைத்தான்.

மதுரையில் ஒரு பிரச்சினை: 'பரங்கி'

நோபிலி 1606 நவம்பரில் மதுரை வந்தார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைத் துறவி இருந்தார். முன்னாள் போர் வீரர். 1595 வாக்கில் இருந்தே மதுரையில் தங்கி, அங்கிருந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணி செய்தவர். போர்ச்சுகீசிய பாணிக் கறுப்பு அங்கி, தோல் செருப்பு, ஐரோப்பியச் சாப்பாடு.

மதுரை மக்கள் பார்வையில் அவர் 'பரங்கி'. இந்த வார்த்தைக்கு வெறும் 'வெளிநாட்டுக்காரர்' என்று மட்டும் அர்த்தம் இல்லை. மாட்டுக்கறி சாப்பிடுபவர், மது குடிப்பவர், குளிக்காதவர், தோல் தொடுபவர் என்று சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஆள் என்று அர்த்தம். கிறிஸ்தவம் என்றாலே 'பரங்கி மார்க்கம்' என்று பேச்சு. மற்ற சமூகங்களில் இருந்து ஒருவரும் சேரவில்லை.

நோபிலி முதலில் மாற்றியது உடையை. காவி உடுத்தினார். தோல் செருப்பை விட்டு மரக்கட்டைப் பாதுகை. கையில் தண்டு, கமண்டலம். ஒருவேளை மட்டும் சைவ உணவு. தனி வீடு. தமிழும் சம்ஸ்கிருதமும் படித்தார். தான் பரங்கி அல்ல, ரோமில் இருந்து வந்த உயர்குடித் துறவி என்று அறிவித்தார்.

கொஞ்ச நாளில் பூணூலும் போட்டார். ஐந்து இழை: மூன்று தங்க நிறம், இரண்டு வெள்ளி நிறம், கூடவே ஒரு சிலுவை. மூன்று இழை மூவொரு கடவுளுக்கு, இரண்டு இழை கிறிஸ்துவின் உடலுக்கும் ஆன்மாவுக்கும் என்று விளக்கம் சொன்னார்.

ஒரு விஷயம் தெளிவாக இருக்கட்டும். அவர் திருப்பலியை மாற்றவில்லை. அது லத்தீனில், ரோமன் முறையில்தான் நடந்தது. அவர் மாற்றியது தெருவில் தெரியும் உடையை. ஆனால் சண்டை அங்கேதான் வெடித்தது.

குற்றச்சாட்டு: 'இவர் கிறிஸ்தவரா, இந்துவா?'

முதல் புகார் பக்கத்திலேயே இருந்த பெர்னாண்டஸிடம் இருந்து 1610-ல் போனது. நோபிலி உடுத்துவதும் நடப்பதும் வேறு மதத்துச் சடங்கு என்பது அவர் வாதம். அந்தப் புகாரில் இன்னொரு வலி இருந்ததையும் புரிந்துகொள்ள முடியும். ஒரே மதம், ஒரே ஊர். ஆனால் நோபிலியின் ஆலயம் தனி, பரதவர்களின் ஆலயம் தனி. காவி உடுத்திய சாமியார், அங்கி போட்ட சாமியாரோடு சேர்ந்து சாப்பிடவோ பழகவோ முடியாது. பார்த்தால் 'பரங்கி' பட்டம் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

நோபிலியின் பதில் இது: காவியும் குடுமியும் பூணூலும் சமூக அடையாளங்கள், மத நம்பிக்கை அல்ல. ஒரு டாக்டரோ வக்கீலோ தொழிலுக்கு ஏற்ற உடை போடுவது மாதிரி, இங்கே கற்றவரும் துறவியும் போடுவது இது. கிறிஸ்தவராக ஆவதற்காக ஒருவர் தன் ஊர்க்காரர் என்ற அடையாளத்தையே விட வேண்டுமா? இதற்காக இந்திய நூல்களில் இருந்து மேற்கோள்கள் எடுத்து லத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதினார்.

1619-ல் கோவாவில் ஒரு மாநாடு கூட்டி விசாரித்தார்கள். கோவா பேராயர் கிறிஸ்தோவாவோ தே சா எதிர்ப்பு. கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ்கோ ரோஸ் ஆதரவு. முடிவு எட்டாமல் விஷயம் ரோமுக்குப் போனது.

1623 தீர்ப்பு என்ன சொன்னது?

15-ம் கிரகோரியின் ஆணை பெரும்பாலும் நோபிலி பக்கம் சாய்ந்தது. பூணூல், குடுமி, சந்தனம், குளியல் எல்லாவற்றுக்கும் அனுமதி. ஆனால் நிபந்தனைகள் உண்டு. பூணூலைக் கோயில் அர்ச்சகரிடம் வாங்கக் கூடாது, கிறிஸ்தவக் குரு மந்திரித்துத் தர வேண்டும். சந்தனம் அழகுக்கு, குளியல் சுத்தத்துக்கு. மதச் சடங்காகச் செய்யக் கூடாது. வேறு முடிவு வரும்வரை மட்டும் இந்த அனுமதி.

அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதியும் அந்த ஆணையில் இருக்கிறது. உயர்குடியினராக இருந்து கிறிஸ்தவரானவர்கள் எளிய மக்களை இகழ வேண்டாம், அவர்களோடு ஒன்றாக ஆலயத்தில் இறைவார்த்தையைக் கேட்க வேண்டும் என்று போப் வேண்டிக்கொண்டார். பூணூலுக்கான அனுமதி உடனே அமலானது. இந்த வேண்டுகோள் அப்படி ஆகவில்லை.

சேந்தமங்கலத்துக்கு வந்த காவிச் சாமியார்

1623-ல் நோபிலி மதுரையை விட்டு வடக்கே நடக்கத் தொடங்கினார். திருச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தார். அப்போது அது மதுரை நாயக்கருக்குக் கட்டுப்பட்ட பாளையம். ஆண்டவர் ராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் இவரே என்று ஒரு வழக்கும் இந்தப் பகுதியில் உண்டு. நாயக்கர் அந்தத் துறவியை மரியாதையோடு வரவேற்றார்.

பரங்கி என்று பார்க்கப்பட்டிருந்தால் பாளையக்காரரின் வாசல்வரைகூட வந்திருக்க முடியாது. காவி ஒரு கதவைத் திறந்தது என்பதற்கு இது சாட்சி.

அங்கிருந்து சேலம். சேலத்தில் ஆட்சியை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் என்பவர் நோபிலியிடம் பழகி, 1625-ல் திருமுழுக்குப் பெற்றார். சேலம் - நாமக்கல் சமவெளியில் கத்தோலிக்கத்தின் தொடக்க அத்தியாயம் இப்படிக் காவி உடையில்தான் எழுதப்பட்டது.

ஆனால் அந்தக் காவியிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது பிராமண சந்நியாசியின் பாணி. அந்த உடையில் இருப்பவர் ஒடுக்கப்பட்ட சாதி மக்களோடு வெளிப்படையாகப் பழகினால் அந்த உடைக்கான மரியாதையே போய்விடும். மேல்சாதி வாசலைத் திறந்த அதே துணி, சேரிக்குப் போகும் வழியை அடைத்தது.

தீர்வாக வந்த இன்னொரு உடை: பண்டாரசாமி

1640-ல் இயேசு சபை இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தது. சைவ மரபில் பிராமணர் அல்லாத துறவிகள் பண்டாரங்கள். அவர்கள் எல்லாச் சமூகத்தாரோடும் ஓரளவு பழக முடியும். பல்தசார் தா கோஸ்தா என்ற குரு முதல் கிறிஸ்தவப் 'பண்டாரசாமி' ஆனார். ஒரே சபை, ஒரே நம்பிக்கை. ஆனால் யாரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு வித டிரெஸ்.

இந்தப் பண்டாரசாமி வரிசையில் எல்லாரும் அறிந்த பெயர் புனித அருளானந்தர் என்னும் ஜான் தே பிரிட்டோ. போர்ச்சுகல் அரசவையில் வளர்ந்தவர், மறவ நாட்டில் காவித் துணியில் அலைந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். 1947-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். பின்னாலே வந்த வீரமாமுனிவரும் ஐரோப்பிய அங்கியில் நினைவுகூரப்படுபவர் அல்ல. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னை மெரினாவில் வைத்த சிலையிலும் அவர் தாடியும் நீண்ட உடையுமாக உள்ளூர்க் குருவின் தோற்றத்தில்தான் நிற்கிறார்.

காவி போய் வெள்ளை வந்த கதை

எதிர்ப்பு ஓயவில்லை. 1704-ல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை உள்ளூர் வழக்கங்கள் பலவற்றுக்குத் தடை போட்டது. 1744-ல் போப் 14-ம் பெனடிக்ட் அந்த வாசலை இன்னும் இறுக்கினார். 1773-ல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பணி 1776-ல் பிரான்சின் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையிடம் போனது. அந்தக் குருக்களோடு ஐரோப்பிய பாணி அங்கி திரும்ப வந்தது. வெயிலுக்காக வெள்ளை நிறம் என்பது மட்டும் நம் நாட்டுக்கான சலுகை.

1930 மே 26-ல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர் ஹென்றி புருனியேவும் அதே பிரெஞ்சு சபைக்காரர்தான். இன்று கிராமத்துக் குழந்தைகூட வெள்ளை அங்கியைப் பார்த்ததும் 'சாமி வர்றாங்க' என்று சொல்கிறது. நோபிலி காலத்தில் பரங்கி உடையாகப் பார்க்கப்பட்டதன் வாரிசு, இன்று நம் ஊர்ச் சாமியாரின் அடையாளம்.

1969: சால்வை அனுமதி

அடுத்த திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1963 டிசம்பர் 4 அன்று வெளியான வழிபாட்டு ஆவணம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. திருவுடையில் ஆடம்பரத்தைவிட எளிய அழகு போதும். துணியையும் வடிவத்தையும் அந்தந்த நாட்டு வழக்கப்படி ஆயர் பேரவைகள் மாற்றிக்கொள்ளலாம்.

இந்திய ஆயர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். இதில் முன்னணியில் நின்ற இருவர் தமிழர்கள், அதுவும் அண்ணன் தம்பி. ஆயர் பேரவையின் வழிபாட்டுக் குழுத் தலைவராக இருந்த பேராயர் லூர்துசாமி, பெங்களூரு தேசிய மறைக்கல்வி வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அருள்தந்தை அமலோற்பவதாஸ். இந்தியா அனுப்பிய '12 அம்சங்கள்' திட்டத்துக்கு 1969 ஏப்ரல் 25 அன்று ரோம் ஒப்புதல் தந்தது.

தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, கைகூப்பி வணங்குவது, குத்துவிளக்கு, ஆரத்தி என்று அந்தப் பட்டியல் போகிறது. உடை பற்றியும் ஓர் அம்சம் உண்டு. ரோமன் திருவுடைகளை அடுக்கடுக்காகப் போடுவதற்குப் பதில், டூனிக் மாதிரியான ஒற்றை மேலுடையும் அதன் மேல் ஒரு ஸ்டோலும் போதும்.

நம் ஊர் ஆலயங்களில் பல குருக்கள் ஒரே வெள்ளை அல்லது சந்தன நிற உடையும், அதன் வெளியே தெரியும்படி கலர் ஸ்டோலும் போடுவதற்குப் பின்னணி இதுதான். ரோமன் முறையில் ஸ்டோல் உள்ளே இருக்கும், சாசுபிள் மேலே வரும். இங்கே ஸ்டோல் அங்கவஸ்திரம் மாதிரி வெளியே வந்துவிட்டது. வெண்பட்டு வேட்டிக்குப் பேர் போன சேலம் பக்கத்து ஆட்களுக்கு, தோளில் போடும் அங்கவஸ்திரத்தின் மரியாதை என்ன என்று விளக்கத் தேவையில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் மூன்று அடுக்குத் துணிக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தனி.

இதைவிட ஆழமாகப் போனவர்களும் இருந்தார்கள். காவிரிக் கரையில் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-லேயே ஜூல் மொன்ஷனேன், ஹென்றி லெ சோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்று அறியப்படும் இடம். உடை காவி. பின்னாளில் பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் அது உலகம் முழுக்கத் தெரிந்தது. நோபிலி விட்ட இடத்தில் இருந்து நூலைத் திரும்ப எடுத்தது மாதிரி.

இரண்டு பக்கமும் எதிர்ப்பு

12 அம்சங்களை எல்லாரும் கைதட்டி வரவேற்கவில்லை. 'ஆலயத்தை இந்துக் கோயில் ஆக்குகிறார்கள்' என்று ஒரு பிரிவு கத்தோலிக்கர்கள் கோபப்பட்டார்கள். பெர்னாண்டஸின் வாதம் 360 வருடம் கழித்துத் திரும்ப வந்தது.

இன்னொரு பக்கத்தில் இருந்து வந்த கேள்வி இன்னும் கூர்மையானது. 1980-களில் வளர்ந்த தலித் இறையியல் கேட்டது இதுதான்: 'இந்திய உடை' என்கிறீர்களே, அது எந்த இந்தியாவின் உடை? காவி, அங்கவஸ்திரம், சந்தனம், சம்ஸ்கிருத மந்திரம் எல்லாம் ஆதிக்க சாதிகளின் பண்பாடு. தமிழகக் கத்தோலிக்கர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். ஒரு காலத்தில் அவர்கள் தோளில் துண்டு போடவே அனுமதிக்கப்படாத ஊர்கள் இருந்தன. அந்தத் துண்டையே பலிபீடத்தில் 'நம் பண்பாடு' என்று வைத்தால், அது யாருடைய 'நம்'?

இதற்கு எளிய பதில் இல்லை. சில பங்குகளில் பறை பலிபீடம் வரை வந்தது இந்தக் கேள்வியின் விளைவுதான். இன்று காவி ஓர் அரசியல் நிறமாகவும் வாசிக்கப்படுவதால், குருக்கள் அதைத் தோளில் போடும் முன் இன்னொரு முறை யோசிக்க வேண்டிய நிலையும் சேர்ந்திருக்கிறது.

மற்ற சபைகளில் எப்படி?

ஒரே வட்டாரத்திலேயே எத்தனை வித்தியாசம் என்று பாருங்கள்.

1947 செப்டம்பர் 27-ல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், வெள்ளை அங்கியும் ஸ்டோலும் வழக்கம். சேலம், நாமக்கல் பகுதி அவர்களின் கோயம்புத்தூர் திருமண்டலத்தில் வருகிறது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: கத்தோலிக்கத்தில் 'ஆயர்' என்றால் பிஷப். சி.எஸ்.ஐ.யில் 'ஆயர்' என்றால் சபை போதகர், பிஷப்புக்குப் 'பேராயர்'. செய்தி படிக்கும்போது குழம்ப வேண்டாம். சி.எஸ்.ஐ.யில் பெண்களும் குருத்துவம் பெறுவதால், வெள்ளைச் சேலை மேல் ஸ்டோல் போட்டு வழிபாடு நடத்தும் பெண் ஆயர்களையும் பார்க்கலாம். ரோமானிய ஆணின் மேலாடையில் தொடங்கிய கதை சேலை வரை வந்திருக்கிறது.

கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் மிஷனரி வேலை செய்து 1929-ல் அங்கேயே காய்ச்சலில் இறந்தார். தொழுநோய் அறுவை சிகிச்சையில் உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்டின் அப்பா. அந்த பாப்டிஸ்ட் மரபில் திருவுடையே கிடையாது. குருவுக்கென்று தனி உடை வைத்தால் அவர் மற்ற விசுவாசிகளைவிட மேலே என்று ஆகிவிடும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பெந்தகோஸ்தே சபைகளும் பெரும்பாலும் இதே கட்சி. ஆனால் அங்கேயும் போதகருக்கு வெள்ளை வேட்டி சட்டை அல்லது வெள்ளை ஜிப்பா என்று சொல்லாமலே ஓர் உடை நிலைத்துவிட்டது. 'யூனிஃபார்ம் வேண்டாம்' என்பதற்கும் ஒரு யூனிஃபார்ம் வந்து சேர்ந்தது.

இப்போதைய விதி என்ன?

கத்தோலிக்கத்தில் பொது விதி இன்றும் ஆல்ப், ஸ்டோல், சாசுபிள் மூன்றும்தான். 2004-ல் ரோம் வெளியிட்ட அறிவுறுத்தல் இதைக் கண்டிப்பாக நினைவுபடுத்தியது. அங்கி மேலோ சாதா சட்டை மேலோ வெறும் ஸ்டோலைப் போட்டுத் திருப்பலி செய்யக் கூடாது என்றது. அதே நேரம் அந்தந்த நாட்டு ஆயர் பேரவை ரோமின் ஒப்புதலோடு செய்த மாற்றங்கள் செல்லும். துணியைப் பொறுத்தவரை பருத்தி, பட்டு மட்டும் அல்ல, மரியாதைக்குரிய செயற்கை இழையும் ஓகே. உடையின் அழகு ஒட்டுவேலையின் அளவில் இல்லை, துணியிலும் வடிவத்திலும் இருக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதியே சொல்கிறது.

ஆக, இந்த உடைகளில் எதுவும் வானத்தில் இருந்து இறங்கியது இல்லை. ரோமானியன் மழைக்குப் போர்த்தியது, பிராமணத் துறவி கட்டியது, பண்டாரம் உடுத்தியது, பிரெஞ்சுக்காரர் வெயிலுக்காக வெள்ளையாக்கியது. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கூட்டத்துக்கு 'இவர் நம்ம ஆள்' என்று சொன்னது. அதே நேரத்தில் இன்னொரு கூட்டத்துக்கு 'இவர் உங்க ஆள் இல்லை' என்றும் சொன்னது.

1623 ஆணையில் பூணூலும் சந்தனமும் பற்றிய பகுதியைத்தான் வரலாறு அதிகம் பேசியது. எல்லாச் சாதியினரும் ஒரே ஆலயத்தில் ஒன்றாக நின்று கேட்க வேண்டும் என்ற வேண்டுகோள் உடையைப் பற்றியது அல்ல. தமிழ்நாட்டில் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்களும் தேர்த் திருவிழாத் தகராறுகளும் இன்றும் செய்தியாக வருவதைப் பார்த்தால், அந்த வழக்கில் உண்மையில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது எது என்று புரியும்.